குளவி உயிரோடு இருக்கு, ஆனால் மாவுப்பூச்சி குறையவில்லை: ஏன்?

மாவுப்பூச்சிக்குள்ள முட்டையிட்டு அதைக் கொல்லுற சின்னக் குளவிகள் பறந்து திரிந்தும் பப்பாசியில் மாவுப்பூச்சி கூடுது, பக்கத்து மிளகாய்க்கு இமிடாகுளோபிரிட் எண்ட பூச்சிமருந்து அடிக்கினம் எண்டு எழுதியிருந்தீங்கள். எனக்கு அந்தத் தெளிப்பிலதான் சந்தேகம். நசோனியா எண்ட ஒட்டுண்ணிக் குளவியில செய்த சோதனைகளில, இந்த மருந்தின் சாகடிக்காத சிறிய அளவே ஆணின் மணத்தைத் தேடிப் போற பெண்ணின் நாட்டத்தைக் கெடுத்தது, இணைசேர்க்கையும் குறைஞ்சது.

இணைசேராத பெண் குளவியும் முட்டையிடும். ஆனால் அதில வாறது முழுக்க ஆண். மாவுப்பூச்சியைக் குத்தி முட்டை வைக்கிறது பெண் மட்டும்தான், அதால அடுத்த தலைமுறையில வேலை செய்ய ஆளில்லை.

சோளகக் காத்து நேரம் தெளிக்க வேண்டாமெண்டு பக்கத்துக் காணிக்காரரோட கதையுங்கோ. காத்து ஓய்ஞ்ச விடியப்புறம் நல்லது. உங்கட பப்பாசி அடியில அந்த மருந்தை ஊத்தவே வேண்டாம். சாறோட ஏறி மாவுப்பூச்சி கழிக்கிற தேன்கழிவிலயும் வரும், குளவி அதைத்தான் நக்கும்.

மாவுப்பூச்சி பிடிச்ச இலைகளை உடன எரிக்காதேங்கோ, உள்ளுக்க குளவிக் குஞ்சு இருக்கும். சவர்க்காரத் தண்ணி விட்ட தாச்சிக்கு நடுவில கல்லு வைச்சு, அதுக்கு மேல கூடையில 2 கிழமை விடுங்கோ. குளவி பறந்து போகும், மாவுப்பூச்சிக் குஞ்சு தண்ணியைத் தாண்டாது. இலை தாச்சி விளிம்பில முட்டினால் அதுவே பாலமாயிடும், கவனம். மரத்தில எறும்பு ஏறுதோ எண்டும் பாருங்கோ. எறும்பு குளவியைக் கிட்ட விடாது.