பாவம் செய்தால் இரட்சிப்பு போய்விடுமா?

கேள்வி இதுதான்: விசுவாசத்தினால் இலவசமாகக் கிடைத்த இரட்சிப்பை, அதற்குப் பிறகு செய்யும் பாவத்தால் ஒருவர் இழந்துவிட முடியுமா? கேட்டவர் கூடவே எழுதியிருக்கிறார்: ஞானஸ்நானம் எடுத்த பிறகும் ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறாராம். எபிரெயர் 6-ஆம் அதிகாரத்தை வாசித்ததிலிருந்து சரியாகத் தூங்கவே முடியவில்லையாம்.

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். விழுந்ததால் இரட்சிப்பு போவதில்லை. கிறிஸ்துவே வேண்டாம் என்று ஒருவன் விட்டுப்போவது வேறு. வேதம் அவ்வளவு கடுமையாக எச்சரிப்பது அதைப் பற்றித்தான். ஆனால் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போக ஒரு வழி இருக்கிறது, அதில் தெரியாமலே நடந்துபோகிறவர்கள் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பாதிதான்.

எபிரெயர் நிருபம் எப்படிப்பட்டவர்களுக்கு எழுதப்பட்டது என்று 10-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியில் பாருங்கள். நிந்தையைத் தாங்கியவர்கள், சிறையில் கிடந்தவர்களுக்காகப் பரிதபித்தவர்கள், சொத்து கொள்ளைபோனதையும் சந்தோஷமாகச் சகித்தவர்கள். அப்படிப்பட்டவர்களே சோர்ந்துபோய், சிலர் சபை கூடிவருவதையும் விட்டுவிட்டார்கள். யூதர்களின் பழைய பலிமுறைக்கே திரும்பிவிடலாமா என்ற சோதனையில் அவர்கள் இருந்ததாகத்தான் பெரும்பாலான விளக்கவுரைகள் சொல்கின்றன. அவர்களைப் பார்த்துத்தான் "நாம் மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்கிறவர்களாயிருந்தால்" வேறொரு பலி இனி இல்லை என்று நிருபத்தின் ஆசிரியர் எழுதுகிறார். அது என்ன பாவம் என்று 29-ஆம் வசனம் விளக்குகிறது: தேவனுடைய குமாரனைக் காலின்கீழ் மிதிப்பது, தன்னைப் பரிசுத்தமாக்கிய உடன்படிக்கையின் இரத்தத்தை அசுத்தம் என்று எண்ணுவது. இருப்பதே ஒரு பலி, அதையும் தூக்கி எறிந்தவன் வேறு எந்தப் பலியைக் கொண்டுவருவான்? நீங்கள் அந்த இரத்தத்தை எறியவில்லையே. அது எனக்கு இல்லாமல் போய்விட்டதோ என்றுதானே ராத்திரி விழித்திருக்கிறீர்கள்?

6-ஆம் அதிகாரமும் அப்படித்தான். மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதலுக்கு மறுபடியும் புதுப்பிப்பது கூடாத காரியம் என்று பயமுறுத்தும் அந்த வசனங்களை (4-6) வாசித்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறோம். கொஞ்சம் தள்ளி 9-ஆம் வசனத்தில், "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும்" என்று ஆரம்பித்து, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டு என்று நம்பியிருக்கிறோம் என்கிறார். எச்சரித்த அதே மூச்சில் தேற்றுகிறார்.

என்னை அதிகம் தாங்கிய வசனம் லூக்கா 22:32. பேதுரு மறுதலிக்கப்போகிறான் என்று இயேசுவுக்கு முன்பே தெரியும். அவர் ஜெபித்தது என்ன? "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." அவன் விழாமல் இருக்கவேண்டும் என்று அங்கே கேட்கவில்லை. பேதுரு மூன்று முறை மறுதலித்தான், சபிக்கவும் சத்தியம்பண்ணவும் துணிந்தான். விசுவாசம் ஒழியவில்லை. "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று, விழுவதற்கு முன்பே அவனுக்கு வேலையும் கொடுக்கப்பட்டுவிட்டது.

இன்னொன்றைக் கவனியுங்கள். "கிருபையினின்று விழுந்தீர்கள்" என்று பவுல் யாரைப் பார்த்துச் சொல்கிறார்? விபச்சாரக்காரரையோ குடிகாரரையோ பார்த்து அல்ல. நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டு நீதிமான்களாகப் பார்த்த கலாத்தியரிடம் சொல்கிறார் (5:4). தன் ஒழுக்கத்தைக் காட்டித் தேவனிடம் நிற்கப் பார்ப்பவனும் கிறிஸ்துவை விட்டுப் பிரிந்தவனே. "இந்த வாரம் பாவம் செய்யவில்லை, அதனால் இரட்சிப்பு இருக்கிறது, நேற்று செய்துவிட்டேன், போயிற்று" என்று தினமும் கணக்குப் பார்ப்பது பக்தியாகத் தெரியலாம். உண்மையில் அது நம்பிக்கையைக் கிறிஸ்துவிலிருந்து எடுத்து நம் மேலேயே வைப்பது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு கன்வென்ஷனிலும் கடைசி அழைப்புக்கு எழுந்து முன்னால் போவார். "இன்றைக்குத்தான் உண்மையாக இரட்சிக்கப்பட்டேன்" என்பார். அடுத்த வருஷம் மறுபடியும். அவர் அழுவது நடிப்பே இல்லை. ஆனால் சிலுவை தனக்குப் போதும் என்று அவருக்கு யாருமே பொறுமையாக உட்கார்ந்து சொல்லவில்லை, அதுதான் எனக்கு வேதனை.

சரி, அப்படியானால் பாவம் செய்தால் ஒன்றும் ஆகாதா? ஆகும். அதே கலாத்தியர் 5-இல், மாம்சத்தின் கிரியைகளை வரிசையாகச் சொல்லி, இப்படிப்பட்டவைகளைச் செய்கிறவர்கள் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை என்றும் பவுல் எழுதியிருக்கிறார். நான் முதலில் சொன்ன நடுவழி எபிரெயர் 3:12, 13-இல் இருக்கிறது. ஜீவனுள்ள தேவனை விட்டு விலகச் செய்யும் அவிசுவாசமுள்ள இருதயம் என்று ஒரு வசனம் சொல்ல, "பாவத்தின் வஞ்சனையினாலே கடினப்பட்டுப்போகாதபடிக்கு" என்று அடுத்தது சொல்கிறது. பாவம் ஒரே அடியில் இரட்சிப்பை அறுத்துப்போடுவதில்லை. ஏமாற்றுகிறது. முதலில் குத்திய மனசாட்சி அப்புறம் குத்துவதில்லை. ஜெபம் குறைகிறது, சபைக்குப் போக மனமில்லை, "எல்லாரும் செய்வதுதானே" என்று ஒரு நியாயம் வருகிறது. கடைசியில் இயேசுவையே தேவையில்லாதவராக ஆக்கிவிடுகிறது. அதனால் உங்களுக்குக் குத்துகிறது என்பது கெட்ட செய்தி அல்ல. குத்தாமல் போனவருக்காகத்தான் நான் பயப்படுவேன்.

இந்தக் கேள்வி சபையையே உலுக்கிய ஒரு காலமும் உண்டு. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் டேசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளையிட்டான். பலியிட்டவருக்கு ஒரு சான்றிதழ். அந்தப் பாப்பிரஸ் சீட்டுகளில் சில எகிப்தில் கிடைத்திருக்கின்றன: நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னால் பலியிட்டு, பானபலி ஊற்றி, படைத்ததைச் சாப்பிட்டேன் என்று அதிகாரிகளுக்கு எழுதிய மனு, கீழே சாட்சிக் கையெழுத்து. கிறிஸ்தவர்களில் பலர் மரித்தார்கள். பலர் பயந்து பலியிட்டார்கள், சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். துன்புறுத்தல் தணிந்ததும் இவர்களெல்லாம் அழுதுகொண்டு சபை வாசலுக்கு வந்தார்கள். சேர்க்கலாமா?

ரோமில் நோவேஷியன் என்ற மூப்பர் முடியாது என்றார். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜின் பிஷப் சிப்ரியன் அவசரப்பட்டு எல்லாரையும் சேர்க்கவும் விடவில்லை, கதவைச் சாத்தவும் விடவில்லை. 251-இல் அங்கே கூடிய ஆலோசனைச் சங்கம் ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே விசாரிக்கவேண்டும் என்று முடிவுசெய்தது. சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களுக்கு ஒரு முடிவு, பலியிட்டவர்களுக்கு மனம் வருந்திக் காத்திருக்க நீண்ட காலம். மறுபடி துன்புறுத்தல் வரும்போல இருந்தபோது, மனம் வருந்தி வந்த எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். வாயால் கிறிஸ்துவை மறுத்தவர்களுக்கே திரும்ப இடம் கிடைத்தது. சிப்ரியனும் மனம்போனபடி எழுதியவர் அல்ல, 258-இல் அதே விசுவாசத்துக்காகத் தலை கொடுத்தார்.

திருச்சபைகள் இதில் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1618-19-இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சங்கம், தேவன் தெரிந்துகொண்டவர்களை முடிவுவரை காப்பார் என்று தீர்மானித்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, இரட்சிப்பை இழக்கமுடியும் என்றே போதித்தார். லுத்தரன்களும் அப்படித்தான் சொல்வார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1547-இல் திரெந்துச் சங்கத்தில், சாவான பாவத்தால் (மிகக் கனமான பாவத்தால்) கிருபை போய்விடும், பாவசங்கீர்த்தனத்தால் (குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடுவதால்) திரும்பக் கிடைக்கும் என்று வகுத்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வெஸ்லி வழியில் வந்த மெதடிஸ்டுகளும், டோர்ட் வழியோடு ஒத்துப்போகும் பிரஸ்பிட்டேரியன்களும் ஒரே சபையாக இணைந்தார்கள். இந்த வித்தியாசத்துக்காக யாரும் யாரையும் தள்ளவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

"ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிக்கப்பட்டவன், எப்படியும் வாழலாம்" என்று சொல்கிறவர்களுக்கு டோர்ட் ஆதாரம் ஆகாது. விசுவாசிகள் பெரும் பாவங்களில் விழலாம், ஆவியானவரைத் துக்கப்படுத்தலாம், கிருபையின் உணர்வையே கொஞ்ச காலம் இழக்கலாம் என்று அந்தத் தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறது. விழுந்தவரைத் தேவன் மனந்திரும்புதலுக்குள் கொண்டுவந்துதான் காக்கிறார்.

மன்னிக்கப்படாத பாவம் பற்றியும் சிலர் பயப்படுவார்கள். மாற்கு 3-இல் இயேசு அதைச் சொன்னது, அவர் பிசாசுகளைத் துரத்துவதைக் கண்ணால் கண்டும் அது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்ற வேதபாரகரிடம். உங்கள் நிலைமை அது அல்ல.

இனி நீங்கள் என்ன செய்யலாம்? இந்தப் பாவத்தை நம்பகமான ஒரு மூத்த விசுவாசியிடமோ போதகரிடமோ பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். யாக்கோபு 5:16 அதைத்தான் சொல்கிறது. தனியாகப் போராடினால் எபிரெயர் சொன்ன "நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்" நடக்காது. பாவத்துக்கு வழிவிடும் நேரம், இடம், பழக்கம் எதுவோ அதை அவரோடு உட்கார்ந்து பேசி அடைத்துவிடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். மறுபடி விழுந்தால் மறுநாளே அவரிடம் சொல்லுங்கள், ஒரு மாதம் கழித்து அல்ல.

அப்புறம், திருவிருந்து. பாவம் செய்த வாரத்தில் அப்பம் எடுக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்துவிடுகிற பழக்கம் நம் சபைகளில் அதிகம். பவுல் "தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து" என்றுதான் 1 கொரிந்தியர் 11:28-இல் எழுதினார். சோதித்துவிட்டு எழுந்து போய்விடச் சொல்லவில்லை. அறிக்கையிட்டு மனந்திரும்பியிருந்தால் வரும் ஞாயிறு முன்னால் போய் முழங்காற்படியிடுங்கள். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அந்த மேசை.