525-இல் நிற்கும் மேட்டைச் சீவி எறியாதீர்கள்

கேள்வி: கடலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காகக் கண்ணாடித் தகட்டில் மீத்தைல் அம்மோனியம் லெட் புரோமைடு படலம் போட்டு, புதுச்சேரிக்குக் கொண்டுபோய் யூவி-விசிபிள் (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற அளவீடு) எடுத்தேன். 525 நானோமீட்டரில் ஒரு மேடு வருகிறது. உறிஞ்சல் வளைவிலிருந்து பேண்ட் கேப்பை (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி) கணிக்கும் டாக் வரைபடத்தில் கோட்டை இழுக்கும் இடத்தைப் பொறுத்து அது 2.28, 2.31, 2.34 எலக்ட்ரான் வோல்ட் என்று மாறுகிறது. "சாம்பிள் கெட்டுப்போச்சு, நாலாயிரம் கொடுங்க, ஸ்மூத் பண்ணி 2.30 வர வெச்சுடறோம்" என்கிறார் ப்ராஜெக்ட் சென்டர்காரர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சாம்பிள் கெடவில்லை. உங்கள் ப்ராஜெக்டிலேயே உருப்படியான விஷயம் அந்த மேடுதான்.

ஒளி பட்டதும் எலக்ட்ரான் மேலே எழும்புகிறது, கீழே ஹோல் (அது விட்டுப்போன காலியிடம்) மிஞ்சுகிறது. இரண்டும் உடனே பிரிந்து ஓடாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் அந்த ஜோடி எக்சிட்டான். பிடித்துக்கொள்வதில் கொஞ்சம் ஆற்றல் மிச்சமாவதால், பேண்ட் கேப்பை விடச் சற்றுக் குறைந்த ஆற்றலுள்ள ஒளியையும் படலம் விழுங்குகிறது. அதுதான் மேடு. 1240-ஐ 525-ஆல் வகுத்தால் 2.36 எலக்ட்ரான் வோல்ட். உண்மையான கேப் அதற்கும் மேலே, ஜோடியைப் பிடித்துவைக்கும் பிணைப்பாற்றல் அளவுக்குத் தள்ளி இருக்கிறது. புரோமைடில் இது சில பத்து மில்லி எலக்ட்ரான் வோல்ட். உங்களுக்கு வந்த மூன்று எண்களும் மேட்டுக்கே கீழே கிடக்கின்றன. ஆக மூன்றுமே கேப் இல்லை, சென்டர்காரரின் 2.30-உம்தான்.

டாக் முறை 1966-இல் படிக ஒழுங்கில்லாத ஜெர்மானியத்துக்காக வந்தது. எக்சிட்டான் மேடு அதன் கணக்கிலேயே கிடையாது. மேட்டின் சரிவில் கோடு இழுத்தால் கிடைப்பது சரிவின் அடிவாரம்தான். மேட்டையும் அதற்கு மேலுள்ள தொடர் உறிஞ்சலையும் சேர்த்துப் பொருத்த இயற்பியலாளர் எலியட் 1957-லேயே சூத்திரம் கொடுத்துவிட்டார். ஆனாலும் ஆய்வேட்டுப் படிவத்தில் 'டாக் பிளாட்' என்று ஒரு கட்டம் போட்டுவைத்து, அதை நிரப்பாதவனை வைவாவில் நிற்கவைத்துக் கேட்பார்கள். படிவத்தை மாற்ற யாருக்கும் நேரமில்லை. கேட்டால் அந்தக் கட்டத்தையும் நிரப்புங்கள். 'விளிம்பு, தோராயம்' என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

சென்டர்காரரின் 'ஸ்மூத்' என்ன செய்யும்? ஒரு நானோமீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்திருந்தால், உதாரணத்துக்கு 51 புள்ளிச் சராசரி என்பது 51 நானோமீட்டர் அகலத்தைத் தேய்ப்பது. உங்கள் மேட்டின் அகலமே சுமார் 15 முதல் 20 தான். மேடு காணாமல் போகும், வளைவு அழகாகத் தெரியும், கேட்ட எண் வரும். மூல எண்களை அவர் திருப்பித் தரமாட்டார். வைவாவில் கேட்டால் உங்களிடம் காட்ட எதுவும் இருக்காது. எங்கே அளந்தாலும் படத்தோடு நிற்காமல் சிஎஸ்வி கோப்பையும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

அடுத்த முறை அளக்கும்போது ஸ்லிட்டை (கருவி ஒரே நேரத்தில் அனுப்பும் அலைநீளப் பட்டையின் அகலம்) கவனியுங்கள். 525-இல் ஒரு நானோமீட்டர் என்பது 4.5 மில்லி எலக்ட்ரான் வோல்ட். ஸ்லிட் 5 நானோமீட்டரில் இருந்தால் 22 மில்லி அளவுக்கு எல்லாம் குழம்பும், அதாவது கிட்டத்தட்ட நீங்கள் தேடும் பிணைப்பாற்றல் அளவுக்கு. ஸ்லிட் 1, படி 0.5, வேகம் மெதுவாக என்று கேளுங்கள். 'எல்லாருக்கும் ஒரே செட்டிங்தான்' என்பார்கள், விடாதீர்கள். ஒப்பிடும் அடிக்கோடான பேஸ்லைனுக்கு அதே பெட்டியிலிருந்து எடுத்த வெறும் கண்ணாடி வேண்டும். 600-க்கு மேல் வளைவு பூஜ்யத்தை ஒட்டிப் படுக்காமல் தூக்கி நின்றால் அது சிதறல், உறிஞ்சல் அல்ல. படலம் வெண்மையாக மங்கியிருந்தால் இப்படித்தான் ஆகும்; சிதறிய ஒளியையும் சேர்த்துப் பிடிக்கும் இன்டகிரேட்டிங் ஸ்பியர் தேவை.

படலத்தில் பரப்பில் ஒரு சதவீதம் ஓட்டை இருந்தாலே ஒரு சதவீத ஒளி நேராகப் போய்விடும்; அப்சார்பன்ஸ் (உறிஞ்சல் அளவு; 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் வெளியே வருகிறது) 2-ஐத் தாண்டவே தாண்டாது, மேடும் தட்டையாகும். தடிமனைக் கூட்டி இதைச் சரிக்கட்ட முடியாது. 150 முதல் 200 நானோமீட்டர் போதும்.

மேடு நிஜமா, ஒளிக் குறுக்கீட்டு அலையா என்று பார்க்கச் செலவே இல்லை. கரைசலை நீர்க்கச் செய்து மெல்லியதாக இன்னொரு படலம் போடுங்கள். எக்சிட்டான் மேடு 525-ஐ விட்டு அநேகமாக நகராது. குறுக்கீடு என்றால் இடம் மாறிவிடும்.

ஒரு விதிவிலக்கு மட்டும் விரிவாக, ஏனென்றால் கடற்கரை ஊர்க்காரர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். உங்கள் நண்பர் யாராவது புரோமைடுக்குப் பதில் அயோடைடு படலம் போட்டு, அவருக்கும் 520 அருகே ஏதோ தெரிந்தால், அதை எக்சிட்டான் என்று எழுதிவிடக் கூடாது. அயோடைடில் உறிஞ்சல் தொடங்கும் விளிம்பு 775 பக்கம். அதன் பிணைப்பாற்றல் கடுங்குளிரிலேயே 16 மில்லி அளவுதான், அறை வெப்பம் தரும் 26 மில்லியை விடக் குறைவு. ஜோடி உடனே பிரிந்துவிடுவதால் அறை வெப்பத்தில் தனி மேடு தெரியாது. 520-இல் தெரிவது லெட் அயோடைடின் படிக்கட்டு போன்ற உறிஞ்சல் ஏற்றம். ஈரக் காற்றில் படலம் சிதைந்து மஞ்சளாகியிருக்கிறது. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனில் 12.7 டிகிரியில் கோடு எழும்பினால் சந்தேகமே வேண்டாம். நல்ல படலத்தின் கோடு 14.1-இல் இருக்கும். ஃபீனெத்தில் அம்மோனியம் சேர்த்த அடுக்கு வகையில் மட்டும் 520-ஐ ஒட்டி நிஜமான, கூரிய எக்சிட்டான் மேடு வரும். பிணைப்பாற்றல் நூற்றுக்கணக்கான மில்லி. அந்த உப்பைச் சேர்க்கவே இல்லை என்றால் அந்தப் பெயரையும் எழுதாதீர்கள்.

ஆகவே படலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வராதீர்கள். காய்ந்த நீல சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் கொண்டுவாருங்கள். வரிசையில் காத்திருக்கச் சொன்னால் டப்பாவைத் திறக்காமலேயே காத்திருங்கள். அளந்து முடித்த தகடுகளையும் மிச்சக் கரைசலையும் சிங்கில் கொட்டாதீர்கள், அதில் இருப்பது ஈயம். தனி பாட்டிலில் சேர்த்து, லேபிள் ஒட்டி, ஆய்வகப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.