ஏழாவது படத்தில் நின்ற மேக்

அன்புள்ள ஐயா,
அப்பாவின் பழைய ஆப்பிள் மேக்கின்டாஷ் கணினியை (இயங்குதளம் சிஸ்டம் 7.5) பரணிலிருந்து இறக்கி ஓடவிட்டேன். திரையின் அடியில் சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக வந்து, ஏழாவதோடு உறைந்துவிடுகிறது. இவ்வளவு மோசமான வடிவமைப்பை எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள்? எடைக்குப் போட்டுவிடலாமா? விற்றால் என்ன கிடைக்கும்?
கே.

அன்புள்ள கே,
விலை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி இயக்குங்கள். எக்ஸ்டென்ஷன், அதாவது சிஸ்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஏறும் சின்ன நிரல், எதுவும் ஏறாமல் எழுந்துவிடும். உள்ளே இருக்கும் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள், கசிந்தால் போர்டு போச்சு.

ஆனால் 'மோசமான வடிவமைப்பு' என்று எழுத எப்படி மனம் வந்தது? அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் ஒரு எக்ஸ்டென்ஷன், அல்லது கண்ட்ரோல் பேனல் என்கிற அமைப்புகளை மாற்றும் நிரல். சிஸ்டத்தின் வேலைகளுக்கெல்லாம் நினைவகத்தில் ஒரு முகவரிப் பட்டியல் உண்டு. எக்ஸ்டென்ஷன் அதில் தன் முகவரியை எழுதிவிடும். தன் வேலையை முடித்துவிட்டுப் பழைய முகவரிக்கு அனுப்பும். அடுத்தது அதன் மேல் ஏறும். நடுவில் சுவர் கிடையாது. அதனால் மூன்றாவது செய்த தப்பு ஏழாவதில் வெடிக்கும். ஏழாவதைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சுவர் இல்லாததால்தான் தனி மனிதர் ஒருவர் இயந்திரத்தையே திருத்த முடிந்தது. மெனு பட்டையில் கடிகாரம் வைத்த சூப்பர்கிளாக் ஸ்டீவ் கிறிஸ்டென்சன் எழுதியது. சாளரத்தைச் சுருட்டும் விண்டோஷேட் ராப் ஜான்ஸ்டன் எழுதியது. இரண்டையும் 1994-இல் ஆப்பிளே சிஸ்டம் 7.5-க்குள் சேர்த்துக்கொண்டது. உங்கள் அப்பாவின் கணினியில் இருப்பதும் அதுதான்.

1996-இல் நான் ஒரு அச்சகத்தில் பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மலர் மறுநாள் காலை அச்சேற வேண்டும், மேக் இப்படித்தான் நின்றது. மூத்தவர் ஒருவர் பதறவில்லை. இருந்த முப்பத்திரண்டு எக்ஸ்டென்ஷன்களில் பதினாறை ஃபோல்டரிலிருந்து வெளியே இழுத்துப் போட்டார். ரீஸ்டார்ட். எழுந்தது. அப்புறம் எட்டைத் திருப்பி வைத்தார், நின்றது. நான்கு, இரண்டு, ஒன்று. ஒவ்வொரு தடவையும் நோட்டில் குறித்தார். ஐந்தாவது தடவையில் ஆள் சிக்கியது. அதைத் தூக்கி எறியவும் இல்லை. ஏறும் வரிசை அகர வரிசை என்பதால், பெயருக்கு முன்னால் ஒரு இடைவெளி தட்டி முதலில் ஏற வைத்தார். சண்டை தீர்ந்தது. எழுத்துருக்களைத் திரையில் சீராகக் காட்டும் அடோபி டைப் மேனேஜர் கடைசியில் ஏறுவதற்காகவே பெயருக்கு முன்னால் ஒரு நெளிகோடு (~) போட்டுக்கொண்டு வந்தது. இதைப் பொறுத்துக்கொள்வது என்றா சொல்வீர்கள்? கணினிக்குள் யார் யார் ஏறுகிறார்கள் என்று ஒவ்வொரு காலையும் எங்களுக்குத் தெரிந்தது. இன்று உங்கள் மடிக்கணினியில் என்னென்ன ஏறுகிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி, எழுந்ததும் எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரைத் திறந்து பெயர்களை அதே வரிசையில் எழுதி அனுப்புங்கள். ஏதாவது ஒரு பெயருக்கு முன்னால் இடைவெளி இருந்தால் அழித்துவிடாதீர்கள். அப்பா தட்டியதாக இருக்கும்.