வீட்டில் காய்கறித் தோட்டம் போட ஆசை, அனுபவமே இல்லை. எளிதாக வளரும் செடிகள் எவை? எதிலிருந்து தொடங்கலாம்?

அஞ்சறைப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு பிடி வெந்தயம், அடியில் ஓட்டை போட்ட ஒரு பழைய பெயின்ட் டப்பா, கொஞ்சம் மண். அவ்வளவுதான். இதோடு முடித்திருப்பேன், ஆனால் 'அனுபவமே இல்லை' என்று நீங்கள் கேட்டதைப் பார்த்ததும் என்னுடைய 4,800 ரூபாய் ஞாபகம் வந்துவிட்டது.

நீங்களும் இந்நேரம் பத்து வீடியோ பார்த்திருப்பீர்கள். "இனிமே கடையில காயே வாங்க வேண்டாம்" என்று ஒருவர் கூடை நிறையக் கத்தரிக்காயோடு நிற்பார். நானும் அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் 2022 ஏப்ரலில் இறங்கினேன். தாம்பரம் பக்கம் வாடகை வீடு, தலைக்கு மேலே மொட்டை மாடி. இருபது க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை), ஐந்து கிலோ தேங்காய் நார்க்கழிவுக் கட்டி மூன்று, மண்புழு உரம், பூவாளி, தக்காளி விதை, குடைமிளகாய் விதை, காலிஃபிளவர் விதை. ஆமாம், சித்திரை வெயிலில், சென்னையில், காலிஃபிளவர். சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டியில் ஒன்றைத் துணி ஊறவைக்கும் டப்பில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் குளிக்கப் போனேன். அது ஊறினால் நாலு பக்கெட் அளவுக்கு உப்பும் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்து பார்த்தால் டப் வழிந்து, மாடி முழுக்க நார்த்தூள், தண்ணீர் போகும் குழாய் வரைக்கும் அடைப்பு. அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை அலசி வடித்துவிட்டுத்தான் மண்ணோடு கலக்க வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. நாற்றுகளின் இலை ஓரம் கருகியபோது வெயில்தான் காரணம் என்று நினைத்து நிழல்வலை வாங்கிக் கட்டினேன். அது தனிச் செலவு, 4,800-இல் சேர்க்கவில்லை.

காலிஃபிளவரும் குடைமிளகாயும் போய்ச் சேர்ந்தன. தக்காளி மட்டும் தேறி, பூவாகப் பூத்தது. பூத்ததெல்லாம் உதிர்ந்தது. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுங்கினால் தக்காளியில் பூ நிற்காது. மொத்தம் பதினோரு தக்காளி. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கணக்குப் போட்டார். "ஒரு தக்காளி நானூத்தி முப்பத்தாறு ரூவாயாடா?" சித்தி, அத்தை, எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது.

அம்மா உசிலம்பட்டிப் பக்கம் காட்டு வேலை பார்த்து வளர்ந்தவர். "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க? நீ சித்திரையில தேங்கா மஞ்சில நட்டு வச்சிருக்க." (நார்க்கழிவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மாடிக்குப் பாரம் குறையும், ஈரம் நிற்கும், நல்ல பொருள்தான். செம்மண்ணும் மட்கிய உரமும் கலந்து போடுங்கள்.) அவர்தான் காலி பெயின்ட் டப்பாவில் ஆணி காய்ச்சி ஓட்டை போட்டார். ராத்திரி ஊறப்போட்ட வெந்தயத்தை நெருக்கமாகத் தூவி, மேலே மண்ணை லேசாக மூடினார். மூன்றாம் நாள் முளைத்தது. இருபத்திரண்டாம் நாள் வேரோடு பிடுங்கிப் பருப்பில் போட்டார். நான் ஒரு விரலும் வைக்கவில்லை. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் நான் போட்டதெல்லாம் அந்த வகைதான். கடையில் வாங்கும் புதினாக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டைச் செருகினால் போதும், நேர் வெயில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொன்னாங்கண்ணியும் அப்படியே. கொடிப்பசலைக்கு ஒரு கயிறு கட்டிவிட்டால் அதுபாட்டுக்கு ஏறும். சிறுகீரை, அரைக்கீரை விதை ரொம்பச் சின்னது, மணலோடு கலந்து தூவுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். எறும்பு தூக்கிக்கொண்டு போகும், அதற்குச் சுற்றிலும் கொஞ்சம் அரிசி மாவு போட்டால் அங்கே போய்விடும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்துப் போட வேண்டும். கோடையில் முயற்சி செய்யாதீர்கள், இலை கொடுக்காமல் பூவுக்குப் போய்விடும்.

காய் வேண்டும் என்றால் வெண்டை. நாற்று விட வேண்டாம், நேராக விதையை ஊன்றலாம், நாற்பத்தைந்து நாள் வாக்கில் காய்க்கும். ஆனால் நாலு செடி வைத்தால் ஒரு நாளைக்கு மூன்று காய்தான் வரும். ஃப்ரிட்ஜில் சேர்த்து வைத்து வாரம் ஒரு தடவை பொரியல் பண்ணுவோம். முதலில் பறித்தது அதற்குள் வதங்கியிருக்கும். பத்துச் செடியாவது இருந்தால்தான் நாலு பேர் இருக்கும் வீட்டுக்குக் காணும். மாடியில் புடலையும் சுரையும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், தெரியும். அவர்களுக்கு நேரமும் கை ராசியும் இருக்கிறது. நான் புதிதாக ஆரம்பிப்பவருக்குச் சொல்கிறேன்.

மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளியுங்கள்.

சரி, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, வீட்டு ஓனர் ஒரு நாள் மாடி ஏறும் வரைக்கும். கீழே ஹாலில் ஓதம் இறங்குகிறது, உன் பைகள்தான் காரணம் என்றார். அந்தக் கறை நாங்கள் குடிவந்த அன்றே இருந்தது, மேலே பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். முதல் நாள் எடுத்த போட்டோவைக் காட்டினேன். "அது நிழல் சார்" என்றார். குழாய் அடைத்தது என் தப்பு, அன்றைக்கே குச்சி விட்டு எடுத்தும்விட்டேன், அதை மறைக்கவில்லை. அதற்காகப் பத்து மாத அட்வான்ஸில் ஓதத்துக்கு ஒரு மாதம், பெயின்டுக்கு ஒரு மாதம் என்று பிடித்துக்கொள்வதா? சென்னையில் காலி பண்ணும் ஒவ்வொருவரிடமும் பெயின்ட் காசு பிடிக்கிறார்களே, அந்த பெயின்டை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

இப்போது இருக்கும் வீட்டில் மாடிக்குப் பூட்டு. கிழக்குப் பார்த்த பால்கனியில் அதே பெயின்ட் டப்பா, கூட மூன்று தொட்டி. கீரைக்கு அந்தக் காலை வெயில் போதுமானதாக இருக்கிறது.

உங்கள் மாடி சொந்தமா வாடகையா என்று கேள்வியில் இல்லை. வாடகை என்றால் ஒரு பை மண் ஏற்றுவதற்கு முன்னால் ஓனரிடம் கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். கூரையையும் நாலு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விளக்கைப் போட்டு, நிழல் விழாமல்.