கிளிமஞ்சாரோ ஏறக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. ஈரோட்டில் ஒரு நூற்பாலையில் கணக்காளர். கையில் வரும் சம்பளம் 62,000 ரூபாய். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கல்லூரிக்காக 7 லட்சம் ஃபிக்சட் டெபாசிட்டில் இருக்கிறது. அது போக சேமிப்புக் கணக்கில் 1 லட்சம். வெள்ளியங்கிரி நான்கு முறை ஏறியிருக்கிறேன். தான்சானியாவில் உள்ள கிளிமஞ்சாரோவை ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒரு நிறுவனம் மராங்கு வழியில் ஐந்து நாளுக்கு 1,150 டாலர் கேட்கிறது. இன்னொன்று மச்சாமே வழியில் ஏழு நாளுக்கு 2,200 டாலர். வங்கியில் 14 சதவீத வட்டியில் 2.5 லட்சம் பர்சனல் லோன் தருகிறார்கள், மூன்று ஆண்டு தவணை. ஐந்து நாள் திட்டத்தை எடுத்து இந்த வருடமே போய்விடலாமா? பிள்ளை படிப்பு இருக்கும்போது இப்படி ஆசைப்படுவது தப்பு என்கிறார் மனைவி.

பதில்: ஆசை தப்பில்லை. மகள் படிப்புக்கு 7 லட்சம் ஒதுக்கி வைத்திருக்கும் மனிதர் பொறுப்பில்லாதவர் அல்ல. உங்களால் இந்த மலைக்குப் போக முடியும், ஆனால் இந்த வருடம் வேண்டாம், கடனில் வேண்டாம். ஐந்து நாள் திட்டத்தில் எந்த வருடமும் வேண்டாம்.

கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் விலையைப் பார்த்தீர்கள், நான் உயரத்தைப் பார்க்கிறேன். மராங்கு வழி தொடங்கும் நுழைவாயிலின் உயரமே ஏறக்குறைய வெள்ளியங்கிரி உச்சியின் உயரம். உங்களுக்குத் தெரிந்த மலை முடியும் இடத்தில்தான் அந்த மலை தொடங்குகிறது. ஐந்து நாள் திட்டத்தில் முதல் இரவு மண்டாரா முகாமில், சுமார் 2,700 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரோம்போ, 3,700. மூன்றாம் இரவு கிபோ, 4,700. அங்கே சில மணி நேரம் படுத்துவிட்டு நள்ளிரவில் கிளம்பி கிளிமஞ்சாரோவின் உச்சியான 5,895 மீட்டர் உஹுரு சிகரத்துக்கு ஏற வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பதுதான் மலை மருத்துவர்கள் சொல்லும் வழக்கமான கணக்கு. இந்தத் திட்டம் அதைப்போல் இரண்டு மடங்கு ஏற்றுகிறது. உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கால் பலம் இதற்கு உதவாது.

மச்சாமே வழியில் பகலில் லாவா டவர் வரை, அதாவது 4,600 மீட்டர் வரை ஏற்றிவிட்டு, இரவு சுமார் 3,900 மீட்டரில் உள்ள பராங்கோவுக்கு இறக்கித் தூங்க வைப்பார்கள். உடம்பு பழகுவதற்கு அந்த ஏற்ற இறக்கம்தான் மருந்து. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இதற்காகத்தான்.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவர் ஐந்து நாள் திட்டத்தில் போய், கிபோவில் வாந்தியும் தலைவலியும் தாங்காமல் திரும்பினார். இரண்டரை லட்சம் செலவு. இப்போது மறுபடி போகப் பணம் சேர்க்கிறார். மலிவாகப் போனவருக்கு மலை இரட்டை விலையாகிவிட்டது.

அந்த 1,150 டாலருக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்ப்போம். வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவு நாளைக்கு 70 டாலர், குடிசையில் தங்க இரவுக்கு 60, மீட்புக் கட்டணம் ஒருமுறை 20, இவற்றின் மேல் 18 சதவீத வரி. ஐந்து நாள், நான்கு இரவுக்குச் சுமார் 720 டாலர் அரசுக்கே போய்விடும். மீதி 430, நாளைக்கு 86 டாலர். வழிகாட்டி, சமையல்காரர், போர்ட்டர்கள், சாப்பாடு, மோஷி நகரிலிருந்து வண்டி, நிறுவனத்தின் லாபம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஏழு நாள் திட்டத்தில் கூடாரத்துக்கு இரவுக்கு 50 டாலர் என்று கணக்கிட்டால் அரசுக்கு சுமார் 956 போய், 1,244 மிஞ்சும், நாளைக்கு 178. விலை குறையும்போது முதலில் அடிபடுவது போர்ட்டர் கூலி. உங்கள் கூடாரத்தையும் அரிசியையும் தலையில் சுமந்து வருகிறவர் அவர். கூலி எவ்வளவு, ஒருவருக்கு 20 கிலோ சுமை வரம்பை மதிக்கிறீர்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாதவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

இனி கடன். 2.5 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 8,545 ரூபாய். மூன்று ஆண்டில் வட்டி மட்டும் 57,600. ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்தால், மச்சாமே வழியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கப் பூங்காவுக்குக் கட்டுவது வரியோடு 12,744 ரூபாய். வங்கிக்குப் போகும் வட்டியில் மலைமேல் நான்கு நாள் தங்கலாம்! அதோடு, கடைசித் தவணை கட்டும்போது மகள் கல்லூரிக்குள் நுழைந்திருப்பாள். ஏலச்சீட்டில் முன்கூட்டி எடுத்தாலும் தள்ளு, அதாவது சீட்டை எடுக்க நாம் விட்டுக்கொடுக்கும் தொகை, இப்படித்தான் கடிக்கும்.

உண்மையான செலவு என்ன? ஏழு நாள் திட்டம் 1,98,000. வழிகாட்டிக்கும் குழுவுக்கும் அன்பளிப்பு 300 டாலர், அதாவது 27,000. இது விருப்பப்பட்டால் கொடுப்பது அல்ல, அங்கே எல்லோரும் எதிர்பார்ப்பது. விமானத்துக்கு 70,000, விசா 4,500, இன்சூரன்ஸுக்கு 12,000, தடுப்பூசியும் உடல் பரிசோதனையும் 5,000. பூட்ஸ், உள்ளாடை அடுக்குகள், தலைவிளக்குக்கு 25,000. தூங்கும் பை, கனத்த ஜாக்கெட் எல்லாம் மோஷியில் வாடகைக்குக் கிடைக்கும், வாங்க வேண்டாம். ஆக 3,41,500. ரூபாய் சரிவுக்கும் எதிர்பாராத செலவுக்கும் பத்து சதவீதம் சேர்த்தால் 3.75 லட்சம்.

உங்களிடம் 1 லட்சம் இருக்கிறது. மாதம் 15,000 ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டால் 18 மாதத்தில், 6.5 சதவீத வட்டியில், ஏறக்குறைய 2.84 லட்சம் ஆகும். கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் அந்த 1 லட்சம்தான் இப்போது உங்கள் அவசர நிதி, அதை மலைக்குக் கொடுத்தால் வீடு வெறுங்கையோடு நிற்கும். அதனால் 24 மாதம் போடுங்கள், திரும்பி வரும்போது கணக்கில் சுமார் 1.1 லட்சம் இருக்கும். இந்தப் பணத்தைப் பங்குச் சந்தை ஃபண்டில் போடாதீர்கள். தேதி குறித்த பணம் அது, சந்தைக்கு உங்கள் தேதி தெரியாது. 7 லட்சத்தை எண்ணிக்கூடப் பார்க்காதீர்கள்.

இடையில் ஒரு சின்னச் செலவு செய்யச் சொல்வேன். உத்தரகண்டில் கேதார்கந்தா என்ற சிகரம் இருக்கிறது, சுமார் 3,800 மீட்டர். ஒரு வழிகாட்டுக் குழுவோடு போய்வாருங்கள். அந்த உயரத்தில் உங்கள் தலையும் வயிறும் எப்படி நடந்துகொள்கின்றன என்று 2 லட்சம் கட்டும்முன் தெரிந்துவிடும். ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே பேசுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது இன்சூரன்ஸ் பற்றித்தான். நம் ஊர் மெடிக்ளைம் பெரும்பாலும் வெளிநாட்டில் செல்லாது. சாதாரணப் பயண இன்சூரன்ஸில் பலவும் மலையேற்றத்தை விலக்கிவிடும், இல்லையென்றால் இத்தனை மீட்டர் வரைதான் என்று வரம்பு வைக்கும். பூங்காவுக்குக் கட்டும் 20 டாலர் ஹெலிகாப்டருக்கு ஆனது அல்ல. 6,000 மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உட்பட, என்று பாலிசியில் எழுத்தில் இருக்க வேண்டும். ஏஜென்ட் வாயால் சொன்னது போதாது.

அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக டிக்கெட் போட்டால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். இந்திய ஏஜென்ட் வழியாகத் திட்டத்தை வாங்கினால் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் கையிலிருந்துதான் போகும். அன்பளிப்புப் பணத்தைப் புதிய டாலர் நோட்டாக, சில்லறையாக எடுத்துப் போங்கள். ஏப்ரல், மே அங்கே பெருமழைக் காலம், அந்த மாதங்களில் தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டுங்கள். அவர் பயப்படுவது மலையைப் பார்த்து அல்ல, மகளின் பணத்தைப் பார்த்து என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரெக்கரிங் டெபாசிட்டை இந்த மாதமே தொடங்குங்கள். பாலிசி எடுக்கும்முன் அதன் வாசகத்தை எனக்கு அனுப்புங்கள், உயர வரம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.