டோரா மௌரரின் ஓவியத்துக்கும் அவர் எடுத்த வகுப்புகளுக்கும் என்ன தொடர்பு?

ஹங்கேரி ஓவியர் டோரா மௌரர் ஆசிரியராகவும் இருந்தாரே, அதற்கும் அவருடைய வளைந்த வண்ணப் படங்களுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக உண்டு. எளிய விதி ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கடைசிவரை பார்ப்பதுதான் அவர் வழி. படத்திலும் அதுதான், வகுப்பிலும் அதுதான்.

1937-ல் புடாபெஸ்டில் பிறந்து, 1961-ல் அங்கே நுண்கலைக் கல்லூரிப் படிப்பை முடித்தார். முதலில் கவனம் பெற்றது அச்சோவியத்தில். 1970-ல் உலோகத் தகடு ஒன்றை உயரத்திலிருந்து கீழே போட்டு, அது நெளிந்து அடிபட்டதை அப்படியே அச்செடுத்தார். தகட்டில் படம் வரைவதை விட்டு, தகட்டுக்கு நேர்ந்ததையே படமாக்கியது பெரிய திருப்பம்.

1975 முதல் 1977 வரை ஹங்கேரியக் கலைஞர் மிக்லோஷ் எர்தேயுடன் சேர்ந்து, புடாபெஸ்டில் ஒரு தொழிற்சாலையின் பண்பாட்டு இல்லத்தில் படைப்பாற்றல் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். அழகாக வரைவது அங்கே நோக்கமே அல்ல. பலர் ஒரே தாளில் வரைவார்கள், ஒருவர் அசைவில் இன்னொருவர் குறுக்கிடுவார். அங்கே கோடு தனி ஒருவருடைய கைத்திறமையைக் காட்டாது, அதைப் பிறப்பித்த சூழ்நிலையைக் காட்டும். பின்னாளில், 1990 முதல், நுண்கலைக் கல்லூரியிலேயே கற்பித்தார்.

ஓவியத்தில் இதற்கு இணையானது, கட்டங்களைக் கணக்குப்படி நகர்த்தும் 'இடப்பெயர்வு' வரிசை. நிறங்கள் எட்டு: நான்கு சூடானவை, நான்கு குளிர்ந்தவை. 1982-83-ல் ஆஸ்திரியாவின் புக்பெர்க் கோட்டையில் ஓர் அறை முழுக்க இதை வரைந்தபோது, கணக்கில் இல்லாத இரண்டு விஷயங்கள் உள்ளே வந்தன. வளைந்த பரப்பில் நேர்கோடு கோணியது, பகல் வெளிச்சம் மாற மாற நிறமும் மாறியது. பிந்தைய படங்களைப் புரிந்துகொள்ள இந்த அறையே சாவி என்பேன்.

1990-களின் இறுதியில் தொடங்கிய 'மேற்பொருந்தல்' படங்களில் இரண்டு கண்ணாடித் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதுபோலத் தெரியும். உண்மையில் எதிலும் ஒளி ஊடுருவுவதில்லை. இரண்டும் சேரும் இடத்துக்குத் தனியாக மூன்றாவது நிறம் குழைத்துப் பூசியிருப்பார்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஆரஞ்சும் நீலமும் எடுத்து, இரண்டு பட்டைகள் குறுக்காக வெட்டும்படி வரையுங்கள். வெட்டும் சதுரத்தை மட்டும் காலியாக விடுங்கள். பிறகு இரண்டுக்கும் நடுவான வெளிர்வு உள்ள நிறத்தைக் குழைத்து அதில் பூசுங்கள். பெரும்பாலும் சொதப்புவது இந்த இடத்தில்தான். சம அளவு கலந்தால் நடுநிறம் கிடைத்துவிடாது; நீலம் சிறிதளவே ஆரஞ்சை அமுக்கிவிடும். அதனால் ஆரஞ்சில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். நிறம் ரொம்பக் கருமையானால் கொஞ்சம் வெள்ளை சேருங்கள். அக்ரிலிக் காய்ந்ததும் கருமையாகும், ஆகவே காய்ந்த பிறகே முடிவு செய்யுங்கள். கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தால் வெளிர்வு சரியா என்று தெரிந்துவிடும். சதுரம் நீலத்தின் பக்கம் சாய்ந்தால் நீலப் பட்டை மேலே இருப்பதுபோலத் தோன்றும், ஆரஞ்சின் பக்கம் சாய்ந்தால் ஆரஞ்சுப் பட்டை.

மௌரரின் படங்கள் வளைந்து தெரிவதும் கண் செய்கிற வேலைதான். மரப்பலகையில் ஒட்டிய கேன்வாஸ் தட்டையானது, வெளி ஓரம் மட்டுமே வளைவாக வெட்டப்பட்டிருக்கும். நேர் எதிரே எடுத்த புகைப்படத்தில் இது தெரியாது. கண்காட்சிச் சுவரைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள்.