வரவிருக்கும் இசைத்தட்டுகள்: எதை உடனே வாங்கலாம், எதற்குக் காத்திருக்கலாம்? கேள்வி பதில்

மேலைச் செவ்வியல் இசை, அதிலும் 1750க்கு முந்தைய இசை சேர்ப்பவர்கள் புதிய வெளியீடுகளைப் பற்றி அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: இசை நடத்துநர் அன்டோனினியின் ஹைடன் சிம்ஃபனி வரிசையை ஒவ்வொன்றாக வாங்குவதா, முழுப் பெட்டி வரும்போது மொத்தமாக வாங்குவதா? பொறுத்திருந்தால் பணம் மிச்சம் என்கிறார் நண்பர்.

நண்பர் கணக்கு சரிதான். பெட்டியாக வந்தால் ஒரு தட்டின் விலை பெரும்பாலும் குறைந்துவிடும். ஆனாலும் தனித்தனியாக வாங்கத்தான் சொல்வேன்.

'ஹைடன் 2032' வரிசை 2014ல் ஆரம்பித்தது. ஹைடன் பிறந்து 300 ஆண்டு நிறையும் 2032க்குள் 107 சிம்ஃபனிகளையும் பதிந்து முடிப்பது திட்டம். இவ்வளவு நீளமான வரிசைகள் எல்லாமே கரை சேர்வதில்லை. நடத்துநர் கிறிஸ்டோஃபர் ஹாக்வுட் இதே சிம்ஃபனிகளை லோய்சோ-லீர் லேபிளுக்குப் பதிந்துகொண்டிருந்தார். பாதிக்கு மேல் வந்தபிறகு அந்த வரிசை நின்றுபோனது. பிற்பாடு டெக்கா நிறுவனம் பெட்டியாகப் போட்டபோது, விட்டுப்போனவற்றை ஃப்ரான்ஸ் ப்ரூகன், ஒட்டாவியோ டான்டோனே ஆகியோரின் பதிவுகளைக் கொண்டு நிரப்ப வேண்டியிருந்தது. டான் கோப்மனின் பாக் கான்டாட்டா (குரலும் கருவிகளும் சேர்ந்த பல பகுதிப் படைப்பு) வரிசைக்கும் அதே கதிதான் வந்திருக்கும். எராட்டோ லேபிள் பாதியில் கைவிட்டதும் அவரே சொந்தமாக ஒரு லேபிளைத் தொடங்கி முடித்துக் காட்டினார். ஜான் எலியட் கார்டினரும் 2000ஆம் ஆண்டின் கான்டாட்டா பயணப் பதிவுகளைக் கடைசியில் தன் சொந்த லேபிளில்தான் கொண்டுவந்தார். எல்லோருக்கும் அந்த வலு இருக்காது. 7ஆவது தட்டு விற்றால்தான் 8ஆவது தட்டு பதிவாகும். எல்லோரும் பெட்டிக்காகக் காத்திருந்தால் பெட்டி வராமலேயே போகலாம்.

இன்னொன்றும் உண்டு. அன்டோனினி எண் வரிசைப்படி போகவில்லை. முதல் தட்டில் 1, 39, 49ஆம் சிம்ஃபனிகளோடு க்லுக்கின் 'டான் ஹுவான்' பாலே இசையைச் சேர்த்தார். தட்டுக்குத் தட்டு ஒரு கச்சேரிக்குரிய கட்டுக்கோப்பு இருக்கிறது. ஒரு தட்டை வாங்கி ஒரு மாதம் கேளுங்கள், அப்புறம் அடுத்தது. பெட்டியாக வாங்கினால் பெரும்பாலோர் 5ஆவது தட்டைத் தாண்டுவதே இல்லை.

கேள்வி: அண்ணா, 1950களின் ஒரே பதிவை நாலைந்து லேபிள்கள் மறுவெளியீடு செய்கிறார்களே, எப்படி? எதை வாங்குவது?

தம்பி, இதற்குக் காரணம் காப்புரிமைச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுக்கான பாதுகாப்பு 50 ஆண்டாக இருந்தது. 2013ல் அது 70 ஆனது. ஆனால் அதற்குள் காலாவதியான பதிவுகளுக்குப் புது உயிர் கொடுக்கவில்லை. அதனால் 1962 முடிய வெளியானவை அங்கே பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். 1963 முதல் வந்தவை 70 ஆண்டு முடியும்வரை உரிமையாளரிடமே இருக்கும். ஸ்டீரியோ காலத்தின் முதல் சில ஆண்டுகளே திரும்பத் திரும்ப மறுவெளியீடு ஆவது இதனால்தான். அமெரிக்காவில் சட்டம் வேறு. அங்கே 1923க்கு முந்தைய பதிவுகள் 2022ல்தான் பொதுச்சொத்து ஆயின.

எதை வாங்குவது என்றால், மூலம் எது என்று பாருங்கள். மாஸ்டர் டேப் அசல் நிறுவனத்திடம்தான் இருக்கும். மற்றவர்கள் நல்ல நிலையிலுள்ள ஒரு எல்பியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள். திறமையாகச் செய்தால் குறை சொல்ல முடியாது. அரைகுறையாகச் செய்ததைக் காதே காட்டிக்கொடுத்துவிடும். ஹார்ப்ஸிகார்டின் கடைசிச் சுரம் அடங்கும் இடத்தில் ஒலி திடீரென்று துண்டித்தாற்போல் நிற்கும். இரைச்சலை நீக்கப் போய் அறையின் எதிரொலியையும் சேர்த்து வழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். வாங்குமுன் மாதிரி ஒலித்துண்டு கிடைத்தால் வேகமான பகுதியை விட்டுவிட்டு முடிவைக் கேளுங்கள். எந்த மூலத்திலிருந்து எடுத்தோம் என்று அட்டையில் சொல்லாதவர்களை நான் நம்புவதில்லை.

கேள்வி: 'உலகின் முதல் பதிவு' என்று அட்டையில் போட்டால் நம்பலாமா?

பாதி நம்பலாம். சில சமயம் படைப்பே புதிதாக இருக்கும். சில சமயம் ஏற்கெனவே பலமுறை பதிவான படைப்பின் வேறொரு வடிவமோ புதிய பதிப்போதான் 'முதல்' ஆகியிருக்கும். புக்லெட்டில் எந்தச் சுவடி, எந்த நூலகம், பதிப்பித்தவர் யார் என்று எழுதியிருந்தால் தைரியமாக வாங்குங்கள்.

இதற்கு நல்ல உதாரணம் நாயீவ் லேபிளின் விவால்டி வரிசை. டூரின் தேசியப் பல்கலைக்கழக நூலகத்தில் விவால்டியின் சுமார் 450 படைப்புகள் இருக்கின்றன, பெரும்பாலும் அவர் கைப்பட எழுதியவை. அவர் இறந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் அவை கண்ணில் படாமலே கிடந்தன. 1920களின் பிற்பகுதியில் அவை தெரியவந்தபோது வாங்க நூலகத்திடம் பணமில்லை. குழந்தையைப் பறிகொடுத்த இரண்டு தந்தையர், ஃபோஆ என்பவரும் ஜோர்டானோ என்பவரும், தங்கள் பிள்ளைகளின் நினைவாக ஆளுக்கொரு பகுதியை வாங்கிக் கொடுத்தார்கள். இன்றும் அந்தச் சேகரங்களுக்கு அந்தக் குழந்தைகளின் பெயர்தான். அந்த வரிசையில் வந்த ஓபராக்களில் பலவற்றை அதற்கு முன் யாரும் பதிந்ததே இல்லை. 'முதல் பதிவு' என்ற சொல்லுக்கு அங்கே முழு மதிப்பு உண்டு. புதிய தட்டு அறிவிப்பு வந்தால் நான் விலையைக்கூடப் பார்ப்பதில்லை.

கேள்வி: புதிதாக வரும் பாக் பி மைனர் மாஸில் (கிறிஸ்தவ வழிபாட்டு இசை) 'ஒரு பகுதிக்கு ஒரு குரல்' என்கிறார்கள். கோரஸே இல்லையா?

இருக்கிறது, ஆனால் தனிப்பாடகர்களே அந்தக் கோரஸ். 1981ல் நடத்துநரும் ஆய்வாளருமான ஜாஷ்வா ரிஃப்கின் முன்வைத்த வாதம் இது. பாக் பாடகர்களுக்குக் கொடுத்த தாள்களில் ஒவ்வொரு குரலுக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு பிரதிதான் எஞ்சியிருக்கிறது. ஆகவே ஒருவர்தான் பாடியிருப்பார் என்றார். மறுநாளே சண்டை ஆரம்பித்தது, இன்னும் ஓயவில்லை. இந்த முறையில் ஃப்யூகின் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் அமைப்பு) ஒவ்வொரு இழையும் தனியாகக் கேட்கும், டிரம்பெட்டுகள் சேரும் இடத்தில் மட்டும் குரல்கள் கொஞ்சம் திணறும். பெரிய கோரஸ் பதிவு ஒன்றை ஏற்கெனவே வைத்திருப்பவர் அவசியம் வாங்க வேண்டியது இது.

கேள்வி: மான்டெவெர்டியின் 1610 வெஸ்பர்ஸ் (மாலை வழிபாட்டு இசை) இரண்டு பதிவுகள் வைத்திருக்கிறேன். 'மக்னிஃபிகாட்' ஒன்றில் மிகவும் தாழ்ந்து ஒலிக்கிறது. தட்டில் கோளாறா?

கோளாறு இல்லை. அந்தப் பகுதியும் 'லௌடா ஜெரூசலேம்' பகுதியும் உயர்ந்த க்ளெஃப்களில் (சுரங்களின் உயரத்தைக் காட்டும் குறிகள்) எழுதப்பட்டவை. அப்படி எழுதினால் இறக்கிப் பாட வேண்டும் என்பது அக்கால வழக்கம் என்று நடத்துநர் ஆண்ட்ரூ பாரட் 1984 பதிவில் ஒரு நாலாம் இடைவெளி (ச முதல் ம வரையுள்ள தூரம்) இறக்கினார். இப்போது பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். சிலர் எழுதியபடியே பாடுகிறார்கள். புது வெளியீடு வாங்குமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இசையின் நிறமே மாறிவிடும்.

கேள்வி: ஹைபீரியன் லேபிளை யுனிவர்சல் வாங்கியது, பிஸ் லேபிளை ஆப்பிள் வாங்கியது. இனி தட்டு வருமா?

இரண்டும் நடந்தது 2023ல். 2024ல் சான்டோஸ் லேபிளும் நாக்ஸோஸ் பக்கம் போனது. கவலை நியாயமானதே. நல்லதும் நடந்திருக்கிறது: அதுவரை ஸ்ட்ரீமிங் பக்கமே வராத ஹைபீரியன் பதிவுகள் இப்போது எல்லோருக்கும் கேட்கக் கிடைக்கின்றன. ஆனால் உரிமையாளர் மாறும்போது முதலில் அடிவாங்குவது மெதுவாக விற்கும் பழைய தட்டுகள். தீர்ந்தால் மறுபடி அச்சிட மாட்டார்கள். உங்கள் பட்டியலில் அதிகம் அறியப்படாத மறுமலர்ச்சிக்கால இசை ஏதாவது இருந்தால் அதை முதலில் வாங்குங்கள். பெயர் பெற்ற பியானோ தட்டுகள் எங்கேயும் போய்விடாது.

கேள்வி: பழைய சிடி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

கீறலைவிட நிறத்தைப் பாருங்கள். 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் பிரிட்டனில் ஒரு தொழிற்சாலையில் அச்சான தட்டுகள் பழுப்பாகின்றன. மேற்பூச்சு சரியில்லாததால் புக்லெட் காகிதத்திலிருந்த கந்தகம் உள்ளே போய் வெள்ளிப் படலத்தை அரித்துவிடுகிறது. விளிம்பில் செம்பு நிறம் தெரிந்தால் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். சிடி உள்ளிருந்து வெளியே ஓடுவதால் கடைசிப் பாடல்கள்தான் முதலில் கரகரக்கும். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் இன்றே கணினியில் நகல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எஸ்ஏசிடி, ஹை-ரெஸ் என்று சிடியைவிட நுணுக்கமான ஒலித்தரத்தில் வருபவை எல்லாம் அவசியமா?

அவசியமில்லை. நல்ல அறையில் நன்றாகப் பதிந்திருந்தால் சாதாரண சிடி போதும். சரவுண்ட் ஸ்பீக்கர் வைத்திருப்பவர் மட்டும் எஸ்ஏசிடி தேடலாம்.

கேள்வி: நினைவு ஆண்டுகளை ஒட்டி என்னென்ன எதிர்பார்க்கலாம்?

2026ல் ஆங்கிலேய லூட் கலைஞர் டௌலண்ட் மறைந்து 400 ஆண்டு, பிரெஞ்சு இசையமைப்பாளர் டெலலாண்ட் மறைந்து 300 ஆண்டு. 2027ல் பீத்தோவன் மறைந்து 200, 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞரும் இசையமைப்பாளருமான மஷோ மறைந்து 650. 2028ல் ஷூபர்ட் மறைந்து 200. பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் பெட்டி பெட்டியாக வரும். பெரும்பாலும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளே புது அட்டையில் வரும் என்பதால், உள்ளடக்கப் பட்டியல் வரும்வரை முன்பதிவு செய்யாதீர்கள். நான் ஆசையோடு காத்திருப்பது டெலலாண்டின் பெரிய மோட்டெட்டுகளுக்கும் (லத்தீன் வழிபாட்டுப் பாடல்கள்) மஷோவின் பாடல்களுக்கும். மஷோ என்றாலே எல்லோரும் அவருடைய மாஸைத்தான் பதிகிறார்கள். தனிக்குரலுக்கான நீண்ட 'லே' பாடல்கள் அவ்வளவாகப் பதிவாகவில்லை. துணைக்கருவி எதுவும் இல்லாமல் ஒரே குரல் நெடுநேரம் பாடும் இசை அது. அப்படி ஒரு தட்டு அறிவிப்பு வந்தால் யோசிக்காமல் வாங்குங்கள், மூலப் பாட்டு வரிகளும் மொழிபெயர்ப்பும் புக்லெட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வரிகள் தெரியாமல் மஷோவைக் கேட்டால் பாதி கைநழுவிப் போகும்.